நட்சத்திரத்தின் ஆரம் எங்கிருந்து கிடைக்கிறது?



இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர், நட்சத்திரங்களின் அளவை ஒப்பிட்டுக் காட்டும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். முதலில் பூமி வரும். பக்கத்தில் வியாழன் வந்து அதைச் சிறிதாக்கும். பிறகு சூரியன், சிரியஸ், ரோகிணி, ரைஜெல், திருவாதிரை என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு சிவப்பு வட்டம் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சூரியனைவிட 1,700 மடங்கு என்று கீழே எழுத்து ஓடும். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,700 எங்கிருந்து வந்தது, யார் அளந்தார், எதை வைத்து அளந்தார் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அந்த எண் பிறந்த வழி அந்த எண்ணைவிட வியப்பானது. அந்த வழியில் பாதியைப் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரே ஒரு சாதாரணக் கால்குலேட்டரோடு நடந்துவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் இங்கே மடங்கு என்று சொல்லும்போதெல்லாம் ஆரத்தைத்தான் சொல்கிறேன். ஆரம் 10 மடங்கு என்றால் கன அளவு 1,000 மடங்கு. செய்திகளில் இந்த இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

கண்ணால் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் அளவைச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் முடியும் என்று மிகப் பெரிய வானியலாளர்களே நம்பியிருக்கிறார்கள். தொலைநோக்கி வருவதற்கு முன்பு டைக்கோ பிராஹே பிரகாசமான நட்சத்திரங்களுக்கு ஏறத்தாழ 2 கலை அகலம் என்று மதிப்பிட்டார். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழுநிலவு சுமார் 30 கலை அகலம். நிலவில் பதினைந்தில் ஒரு பங்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதிலிருந்து அவர் ஒரு முடிவுக்குப் போனார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கஸின் கருத்து சரியானால், நட்சத்திரங்கள் நம்ப முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்தும் 2 கலை தெரிகிறது என்றால் ஒவ்வொரு நட்சத்திரமும் பூமியின் சுற்றுப்பாதையையே விழுங்கும் அளவு இருக்க வேண்டும். அது அபத்தம், ஆகவே பூமி அசையவில்லை என்றார். தர்க்கத்தில் பிழை இல்லை. அளவில்தான் பிழை. அவர் கண்டது நட்சத்திரத்தின் அகலம் அல்ல, கண்ணுக்குள் ஒளி பரவிய அகலம்.

கலீலியோ ஒரு மெல்லிய கயிற்றைத் தொங்கவிட்டு, வேகா நட்சத்திரத்தை அது சரியாக மறைக்கும்வரை பின்னால் நகர்ந்து போய், கயிற்றின் தடிமனையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டார். 5 விகலை வந்தது. டைக்கோவின் அளவு 24ல் ஒரு பங்காகச் சுருங்கியது. அதுவும் உண்மையைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அதிகம்.

உண்மை எவ்வளவு? வானத்தில் மிகப் பெரிதாகத் தெரியக்கூடிய நட்சத்திரங்களில் ஒன்று திருவாதிரை. அதன் அகலம் ஒரு விகலையில் 20ல் ஒரு பங்குக்கும் குறைவு. சென்னைக் கடற்கரையில் நின்றுகொண்டு, வேலூரை நெருங்கும் தூரத்தில், அதாவது ஏறத்தாழ 118 கிலோமீட்டருக்கு அப்பால், யாரோ பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தை அளப்பதற்குச் சமம் அது. மிகப் பெரியதற்கே இந்த நிலை. அதற்கு மேல் நம் காற்று மண்டலம் எந்த நட்சத்திரத்தையும் சுமார் ஒரு விகலைக்குக் கலைத்துவிடுகிறது.

ஆகவே மனிதன் முதலில் சுற்றுவழியைத்தான் பிடித்தான். அந்த வழியைத் திறந்தவர் வியன்னாவில் இருந்த யோசஃப் ஸ்டெஃபான். 1879ல் அவர் சொன்னது: சூடான ஒரு பரப்பிலிருந்து வெளியேறும் ஆற்றல், அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். வெப்பநிலை இரட்டிப்பானால் ஆற்றல் 16 மடங்கு. அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மன் 1884ல் இதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். ஸ்டெஃபான் தன் விதியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உடனே சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிட்டார். சுமார் 5,430 டிகிரி செல்சியஸ் என்று வந்தது. அதற்கு முன்பு சூரியனின் வெப்பம் பற்றி ஆயிரங்களிலும் லட்சங்களிலும் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்பத்தக்க முதல் எண் இதுதான்.

அந்தக் கணக்கை இன்றைய எண்களோடு நீங்களே செய்து பார்க்கலாம். பூமிக்கு மேலே, காற்று மண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டருக்குச் சூரியனிடமிருந்து 1,361 வாட் கிடைக்கிறது. பூமி சூரியனிலிருந்து, சூரியனின் ஆரத்தைப் போல் 215 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி நீர்த்துப்போகும் என்பதால், 1,361ஐ 215ஆல் இரண்டு தடவை பெருக்கினால் சூரியனின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர் எவ்வளவு கொட்டுகிறது என்பது கிடைத்துவிடும்: சுமார் 6 கோடியே 30 லட்சம் வாட். இதை ஸ்டெஃபான் விதியில் போட்டால் 5,772 கெல்வின். இன்று உலகம் முழுவதும் வழங்கும் எண் இதுதான்.

சூரியனை நான் இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் உண்டு. நட்சத்திரங்களை அளக்க அதுதான் நமக்குக் கோல். அதன் ஆரம் 6,95,700 கிலோமீட்டர் என்று 2015ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு பொது அளவாக வகுத்துக்கொடுத்தது. சூரியனோடு ஒப்பிடும்போது இன்னொரு வசதியும் சேர்கிறது. ஸ்டெஃபான் விதியில் வரும் மாறிலி, கோளத்தின் பரப்புக்கு வரும் நான்கு பை எல்லாம் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது இவ்வளவுதான்: நட்சத்திரம் வெளியிடும் மொத்த ஒளி சூரியனைப் போல் எத்தனை மடங்கு என்று கண்டு அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். அதன் வெப்பநிலை சூரியனைப் போல் எத்தனை மடங்கு என்று கண்டு அதை வர்க்கப்படுத்துங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். வருவது ஆரம், சூரியனின் ஆரத்தை 1 என்று வைத்து.

ரோகிணியை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின். மொத்த ஒளி சூரியனைப் போல் சுமார் 440 மடங்கு. 440க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 21. 3,900ஐ 5,772ஆல் வகுத்தால் 0.676, அதன் வர்க்கம் 0.457. 21ஐ 0.457ஆல் வகுங்கள்: 46. ரோகிணியின் ஆரம் சூரியனைப் போல் 46 மடங்கு. நான்கே வரி.

இப்போது மார்கழி வானத்துக்கு வருவோம். ஒரைன் மண்டலத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்குமே, அதற்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையாக ரைஜெல். இரண்டுமே சூரியனைப் போல் ஒரு லட்சம் மடங்கு என்ற வரிசையில் ஒளிவிடுபவை. ஆனால் ரைஜெலின் வெப்பநிலை 12,000 கெல்வினுக்குச் சற்று மேல். திருவாதிரை 3,600ஐ ஒட்டி. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ரைஜெலின் ஆரம் 80க்குள் வரும். திருவாதிரை 800ஐத் தொடும். வெப்பம் குறைந்த பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கொஞ்சமாகத்தான் ஒளி தரும்; அதே மொத்த ஒளியைத் தர வேண்டுமானால் பரப்பு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். நிறத்தைப் பார்த்தே எது பெரிது என்று சொல்லிவிட்டோம். மாணவர்கள் இதை மொட்டை மாடியில் நின்று ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த 440, அந்த 3,900 எல்லாம் எப்படிக் கிடைத்தன? நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒளியை அளப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். கிரேக்கர் காலம் முதல் நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று கண் மதிப்பாகப் பிரித்துவந்தார்கள். ஐந்து தர வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று கணித முறையில் அதைக் கட்டிப்போட 1856ல் யோசனை சொன்னவர் நார்மன் போக்சன். அவர் 1861ல் சென்னை வானாய்வகத்துக்கு அரசு வானியலாளராக வந்து, 1891ல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்திலேயே பணிபுரிந்தார். இன்று உலகத்தின் எந்த வானியல் நூலைத் திறந்தாலும் அவருடைய அளவுமுறைதான்.

வெப்பநிலைக்கு நிறம் ஒரு வழிகாட்டி. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் நடுவழியில் உள்ள தூசி எந்த நட்சத்திரத்தையும் சிவப்பாக்கிவிடும். நிறமாலையில் உள்ள கருங்கோடுகளைப் படிக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவைக் கணக்காக எழுதிக்காட்டியவர் கல்கத்தாவில் இருந்த மேகநாத் சாஹா. ஆண்டு 1920, அவருக்கு வயது 26. எந்த வெப்பநிலையில் ஓர் அணுவிலிருந்து எலெக்ட்ரான் கழன்றுபோகும் என்று அவர் சமன்பாடு சொன்னது. அதைக் கொண்டுதான் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் 1925ல் நட்சத்திரங்களின் வெப்பநிலைகளை வரிசைப்படுத்தினார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்ற உண்மையும் அந்த ஆய்விலிருந்துதான் வெளிவந்தது. வெப்பநிலை நம் கணக்கில் வர்க்கமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதில் 5 சதவீதம் பிசகினால் ஆரத்தில் 10 சதவீதம் பிசகும். சாஹாவின் சமன்பாடு இல்லாமல் இந்த வெப்பநிலைகள் எதுவும் இல்லை.

மூன்றாவது தூரம். தூரம் தெரியாமல், நமக்குத் தெரியும் ஒளியை வைத்து நட்சத்திரம் மொத்தமாக வெளியிடும் ஒளியைச் சொல்ல முடியாது. பூமி சூரியனின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும்போது நட்சத்திரம் சற்று இடம் மாறித் தெரிவதை அளக்கும் இடமாறு தோற்ற முறையை உங்கள் பாடநூலிலேயே படித்திருப்பீர்கள். தூரத்தைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அங்கேதான் சிக்கல் எல்லாம்.

இதெல்லாம் சுற்றுவழி என்றேன். கணக்கு சரிதானா என்று சோதிக்க, நேராக அளந்து பார்த்தாக வேண்டும் அல்லவா? ஒரு தொலைநோக்கியின் வாயில் இரண்டு துளைகளை மட்டும் திறந்துவைத்தால், நட்சத்திரத்தின் பிம்பத்தில் ஒளியும் இருளுமாகக் குறுக்கீட்டுக் கோடுகள் விழும். துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடுகள் அழிந்துவிடும். எந்தத் தூரத்தில் அழிகின்றன என்பது நட்சத்திரத்தின் கோண அகலத்தைச் சொல்லிவிடும். 1868ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ இந்த யோசனையைச் சொன்னார். மார்செய்யில் ஸ்டெஃபான் என்ற இன்னொருவர், வியன்னாக்காரர் அல்ல, 80 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து முயன்றார். கோடுகள் அழியவே இல்லை. நட்சத்திரங்கள் அவ்வளவு சிறிதாகத் தெரிகின்றன என்பது மட்டும் புரிந்தது.

பிறகு வந்தார் ஆல்பர்ட் மைக்கல்சன். கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி, இரண்டரை மீட்டர் ஆடி கொண்டது, இருந்தது. அதன் தலையில் 6 மீட்டர் நீள எஃகு உத்திரம் ஒன்றைக் குறுக்காக ஏற்றி, இரு முனைகளிலும் நகர்த்தக்கூடிய சிறு ஆடிகளை வைத்தார்கள். 1920 டிசம்பர் 13 இரவு, அவரோடு பணிபுரிந்த ஃபிரான்சிஸ் பீஸ் திருவாதிரையைப் பார்த்தார். ஆடிகளுக்கு இடையே ஏறத்தாழ 3 மீட்டர் இருந்தபோது கோடுகள் காணவில்லை. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று வேறு நட்சத்திரங்களைப் பார்த்தால் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே அழிந்தது திருவாதிரையின் அகலத்தால்தான். கணக்குப் போட்டால் 0.047 விகலை. அளப்பதற்கு முன்பே வானியலாளர் எடிங்டன், நாம் பார்த்த அந்தச் சுற்றுவழிக் கணக்கால், 0.051 இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தார். சுற்றுவழியும் நேர்வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. சாஹாவின் கட்டுரை வெளியான அதே ஆண்டு.

அதோடு முன்னேற்றம் கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. 6 மீட்டருக்கு மேல் உத்திரம் ஏற்றினால் அது வளைந்தது, காற்று கோடுகளைக் கலைத்தது. பெரிய சிவப்பு நட்சத்திரங்கள் சிலவற்றைத் தவிர வேறு எதுவும் பிடிபடவில்லை. அந்தத் தடையை உடைத்தவரைப் பற்றி நான் சற்று நிறுத்திப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவர் நம் நீலகிரியில் பிறந்தவர்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் அருவங்காட்டில் நிற்கும். அங்கே உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மகன் ராபர்ட் ஹான்பரி பிரவுன். 1916 ஆகஸ்ட் 31 அன்று அருவங்காட்டில் பிறந்தார். போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்கில் ரேடியோ வானியலுக்கு வந்தார். அவருடைய யோசனை இது: இரண்டு ஆடிகளில் விழும் ஒளி அலைகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான் மைக்கல்சன் சிரமப்பட்டார். அலைகளைச் சேர்க்கவே வேண்டாம். ஒவ்வோர் ஆடியிலும் ஒளியின் வலிமை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கங்களை மின்சாரமாக மாற்றி, கம்பி வழியாகக் கொண்டுவந்து ஒப்பிட்டால் போதும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து கோண அகலம் கிடைக்கும். காற்றுக் கலக்கம் இதைத் தொடாது. ஆடிகள் துல்லியமாக இருக்க வேண்டியதும் இல்லை.

இயற்பியலாளர்கள் பலர் எதிர்த்தார்கள். ஒளித்துகள்கள் தனித்தனியாக வருகின்றன. தனித்தனிக் கருவிகளில் விழும் இரண்டு துகள்கள் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டார்கள். ஹான்பரி பிரவுனும் கணித வல்லுநர் ரிச்சர்ட் ட்விஸ்ஸும் பதிலுக்கு வாதாடியதோடு நிற்காமல், ராணுவத் தேடுவிளக்குகளின் ஆடிகள் இரண்டை எடுத்துவந்து சிரியஸின் பக்கம் திருப்பினார்கள். மேகம் மூடிய இங்கிலாந்துக் குளிர்காலத்தில், அடிவானத்துக்கு மேல் அதிகம் ஏறாத சிரியஸை வைத்து, 1956ல் விடையை வெளியிட்டார்கள்: 0.0068 விகலை. சாதாரண நட்சத்திரம் ஒன்றின் அகலம் முதல்முறையாக அளக்கப்பட்டது. ஒளியைப் பற்றிய குவாண்டம் கோட்பாடு புதிதாக எழுதப்பட்டதற்கு இந்தச் சோதனை ஒரு தூண்டுகோல்.

பிறகு ஆஸ்திரேலியாவில் நாராப்ரி என்ற ஊருக்கு அருகே 188 மீட்டர் விட்டத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டார்கள். அதில் இரண்டு வண்டிகள். ஒவ்வொன்றிலும் 252 அறுகோணக் கண்ணாடிகள் பதித்த 6.5 மீட்டர் ஆடி. நட்சத்திரம் நகர நகர வண்டிகளும் வட்டத்தில் நகரும். 1963 முதல் சுமார் பத்தாண்டுகளில் 32 நட்சத்திரங்களை அளந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை வெப்பம் மிகுந்த நட்சத்திரங்கள், சிரியஸைத் தவிர முன்பு யாரும் அளக்க முடியாதவை. இன்றும் வெப்ப நட்சத்திரங்களின் வெப்பநிலை அளவுக்கு அந்த 32 பெரிய ஆதாரம். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு ஹான்பரி பிரவுனின் பெயர் தெரியும்? அருவங்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளிலாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

நிலவும் நமக்கு இந்த வேலையைச் செய்து தருகிறது. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நான்கும் நிலவின் பாதையை ஒட்டி இருப்பவை. நிலவு அவ்வப்போது அவற்றை மறைத்துக் கடக்கும். நிலவின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. ரோகிணியின் அகலம் 0.02 விகலை. ஆகவே அது சட்டென்று அணைவதில்லை. ஒரு நொடியில் 25ல் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டு மறைகிறது. வேகமான ஒளிமானி அந்த மறைவைப் பதிவுசெய்தால் அகலம் கிடைத்துவிடும். தன் மனைவியரில் சந்திரன் அதிகம் நேசித்தது ரோகிணியை என்று நம் புராணம் சொல்லும். அவளுடைய அளவைச் சொல்வதும் சந்திரன்தான். இந்தக் கோணத்தையும் 65 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேலான தூரத்தையும் சேர்த்தால் 45 மடங்கு வருகிறது. நாம் முதலில் போட்ட கணக்கு 46.

தூரமே தெரியாமல் அளவைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் உண்டு. ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் அது நடக்கும். 1782ல் யார்க் நகரத்தில், காது கேளாத, 18 வயது ஜான் குட்ரிக், அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குவதைக் கவனித்தார். ஏதோ ஒன்று குறுக்கே போகிறது என்று ஊகித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1889ல், போட்ஸ்டாமில் ஃபோகல் நிறமாலையைக் கொண்டு அதன் வேகத்தை அளந்தார். எத்தனை கிலோமீட்டர் வேகம், மறைப்பு எத்தனை மணி நேரம் என்பது தெரிந்தால் அகலம் நேராகக் கிலோமீட்டரிலேயே வந்துவிடும். இன்று நம்மிடம் உள்ள மிகத் துல்லியமான நட்சத்திர ஆரங்கள் இந்த வழியில் வந்தவைதான்.

பெரியதையே பேசிக்கொண்டிருக்கிறோம். சிறியதையும் பார்க்க வேண்டும். சிரியஸுக்கு மங்கலான துணை ஒன்று உண்டு. அதன் இழுப்பை 1844ல் வானியலாளர் பெஸ்ஸல் ஊகித்தார். 1862ல் அல்வன் கிளார்க் கண்ணால் கண்டார். மங்கலாக இருக்கிறது, ஆகவே குளிர்ந்து சிவந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1915ல் மவுண்ட் வில்சனில் ஆடம்ஸ் அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தால் அது வெண்சூட்டில் இருந்தது. இன்றைய எண்கள்: சுமார் 25,000 கெல்வின், மொத்த ஒளி சூரியனில் 40ல் ஒரு பங்கு. கணக்கைப் போடுங்கள். 40ல் ஒன்றுக்கு வர்க்கமூலம் 0.158. வெப்பநிலை 4.33 மடங்கு, வர்க்கம் 18.8. வகுத்தால் 0.0084. கிலோமீட்டரில் 5,800 சொச்சம். பூமியைவிடச் சிறியது! ஆனால் எடை சூரியனுக்குச் சமம். அதன் ஒரு கன சென்டிமீட்டர் இரண்டு டன்னுக்கு மேல்.

இப்படி ஒரு பொருள் எப்படித் தாக்குப்பிடித்து நிற்கிறது என்ற கேள்வியோடுதான், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகர் 1930ல் பம்பாயில் கப்பலேறினார். இத்தகைய வெண்குறுமீன்களில் எடை கூடக் கூட ஆரம் குறையும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் அவை நிற்கவே முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1983ல் நோபெல் பரிசு வந்தது. ஓர் ஆரக் கணக்கு விடுத்த புதிர் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது, பாருங்கள்.

இனி, தூரத்தின் கதை. 1920ல் திருவாதிரையின் கோணம் கிடைத்ததும், அன்று தெரிந்த சுமார் 180 ஒளியாண்டு தூரத்தை வைத்து, அதன் விட்டம் ஏறத்தாழ 39 கோடி கிலோமீட்டர் என்றார்கள். ஆரம் சூரியனைப் போல் 280 மடங்கு. 1997ல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் சுமார் 430 ஒளியாண்டு என்றது. ஆரம் 600ஐத் தாண்டியது. 2008ல் ரேடியோ அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது தூரம் 640. ஆரம் 900ஐ ஒட்டியது. 2020ல் வந்த ஆய்வு ஒன்று சுமார் 550 ஒளியாண்டு, 760 சொச்சம் மடங்கு என்றது. நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கிறது. கோணமும் பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் தூரம்.

ஏன் இந்தத் தடுமாற்றம்? திருவாதிரையின் இடமாறு தோற்றம் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதன் சொந்த அகலமோ ஆயிரத்தில் 40க்கு மேல். அதாவது அது நகர்வதாகத் தெரியும் தூரம் அதன் உடம்பில் ஏழில் ஒரு பங்குதான். அந்த உடம்பும் கொதித்துக்கொண்டிருக்கிறது. பிரகாசமான திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நடுப்புள்ளி எது என்பதே நிலையாக இல்லை. நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்த கையா விண்கலத்துக்கும் திருவாதிரை உதவவில்லை. அதன் கருவிகளுக்கு அது மிதமிஞ்சிய பிரகாசம்.

விளிம்பும் ஒரு பிரச்சினை. நட்சத்திரம் வாயுவால் ஆனது, தோல் கிடையாது. ஒளி எந்த ஆழத்திலிருந்து தப்பித்து வெளியே வருகிறதோ அதைத்தான் மேற்பரப்பு என்கிறோம். அந்த ஆழம் ஒளியின் அலைநீளத்துக்கு ஏற்ப மாறும். திருவாதிரை அகச்சிவப்பில் ஓர் அளவு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓர் அளவு. எல்லாம் உருண்டை என்றும் சொல்ல முடியாது. திருவோண நட்சத்திரம் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதனால் நடு பெருத்துத் துருவங்கள் தட்டையாகி, துருவ ஆரத்தைவிட நடுக்கோட்டு ஆரம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. மைக்கல்சன் அளந்த அதே மவுண்ட் வில்சனில் இன்று 330 மீட்டர் வரை பரந்து நிற்கும் ஆறு தொலைநோக்கிகளைக் கொண்டு 2007ல் அதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த 1,700க்கு வருகிறேன். கேடய மண்டலத்தில் உள்ள யூஒய் ஸ்கூட்டை என்ற சிவப்பு நட்சத்திரத்துக்கு 2013ல் ஓர் ஆய்வு 1,708 என்று ஆரம் கொடுத்தது; கூடவே 192 கூடலாம் குறையலாம் என்றும் எழுதியிருந்தது. காணொளிகள் 1,708ஐ எடுத்துக்கொண்டு 192ஐ விட்டுவிட்டன. பின்னால் தூரம் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரியவந்தபோது ஆரமும் இறங்கிவிட்டது. ஆயிரத்துக்குக் கீழே சொல்பவர்களும் இருக்கிறார்கள். காணொளியில் மட்டும் அது இன்னும் 1,700. பிரபஞ்சத்திலேயே பெரிய நட்சத்திரம் எது என்ற போட்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவை எல்லாம் தூரம் சரியாகத் தெரியாதவை, தூசியால் மூடப்பட்டவை. தூரத்தில் 30 சதவீதம் பிழை என்றால் ஆரத்திலும் 30 சதவீதம் பிழை. ரோகிணியின் 45ஐ நான் நம்புகிறேன். யூஒய் ஸ்கூட்டையின் எந்த எண்ணையும் இப்போதைக்கு நம்பவில்லை.

இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை அவை நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது ஒளி குறைவதை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறோம். நம் பூமி சூரியனின் குறுக்கே போனால் ஒளி 12,000ல் ஒரு பங்கு குறையும், ஏனென்றால் சூரியனின் ஆரம் பூமியைப் போல் 109 மடங்கு. ஆனால் அந்த அளவீடு கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே தரும். நட்சத்திரத்தின் ஆரம் 20 சதவீதம் தவறு என்றால் கோளின் ஆரமும் 20 சதவீதம் தவறு. பாறையால் ஆன கோள் என்று கொண்டாடியது வாயுக் கோளாக மாறிவிடும். 2017ல் ஏழு கோள்கள் உண்டு என்று செய்தியான ட்ராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தின் ஆரம் சூரியனில் 0.12 பங்குதான், வியாழனைவிடச் சற்றே பெரியது. அந்த 0.12 சரியாக இருப்பதால்தான் அந்த ஏழும் பூமியளவு என்று சொல்ல முடிகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டெஃபான் போல்ட்ஸ்மன் விதி பாடத்தில் இருக்கிறது. தேர்வுக்காக அதை வருவித்து எழுதவும் மாணவர்கள் பழகியிருக்கிறார்கள். அதோடு விடாமல் ஒரு நட்சத்திரத்தையாவது அவர்கள் கையாலேயே அளக்க வையுங்கள். மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன், வீட்டில் போட்டுப் பாருங்கள். சிரியஸின் வெப்பநிலை 9,940 கெல்வின், மொத்த ஒளி சூரியனைப் போல் 25 மடங்கு. விடை 1.7ஐ ஒட்டி வர வேண்டும். நாராப்ரியில் ஹான்பரி பிரவுன் சிரியஸுக்கு அளந்த 0.0059 விகலையை 8.6 ஒளியாண்டு தூரத்தோடு சேர்த்தாலும் அதே 1.7தான் வரும். உங்களுக்கு வராவிட்டால், வெப்பநிலை விகிதத்தை வர்க்கப்படுத்தினீர்களா என்பதை முதலில் சரிபாருங்கள்.